சுபாரு டபிள்யுஆர்எக்ஸ்: இன்டர்கூலரை மேலேயே வைப்பதா, முன்னால் கொண்டுபோவதா?

1992-இல் வந்த முதல் இம்ப்ரெசா டபிள்யுஆர்எக்ஸ் தொடங்கி 2021 எஸ்டிஐ (அதன் அதிக பவர் வகை) வரை, சுபாருவின் இஜே வரிசை எஞ்சின் போட்ட வண்டிகளில் இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பாகம், எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும். பானெட்டில் உள்ள ஸ்கூப் வழியாக அதன்மேல் காற்று இறங்கும். பவர் கூட்ட நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இதைக் கழற்றிவிட்டு பம்பருக்குப் பின்னால் பெரிய ஃப்ரன்ட் மவுண்ட் போடலாமா என்றுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரிஜினல் டர்போவோ அதைவிட ஒரு படி பெரிய டர்போவோ இருக்கிற, சாலையில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் மேலேயே உட்காரும் பெரிய டாப் மவுண்ட், அதைச் சுற்றி ஒழுங்கான சீல், புது டர்போ இன்லெட் ஹோஸ் ஆகிய மூன்றும் போதும். ஃப்ரன்ட் மவுண்ட் உண்மையிலேயே வேண்டிய வண்டிகளும் உண்டு. எந்தப் பக்கம் உங்கள் வண்டி நிற்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இங்கே பேசுவது இஜே205, இஜே255, இஜே257 எஞ்சின்களைப் பற்றி, பைப் போகும் பாதைகள் 2002–2007 வண்டியை வைத்து. 2015 மாடலிலிருந்து வந்த எஃப்ஏ20 டபிள்யுஆர்எக்ஸில் டர்போ எஞ்சினின் முன்பக்கம் கீழே இருக்கிறது. அங்கே முன்னால் பைப் இழுப்பது எளிது, கணக்கே வேறு.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

இஜே வண்டிகளில் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார், உள்ளே போகும் காற்றின் அளவைப் பார்க்கும் எம்ஏஎஃப் சென்சாருக்குள்ளேயே, அதாவது டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று எவ்வளவு சூடு என்பது ஈசியூவுக்கு (எஞ்சினை நடத்தும் கணினிக்கு) தெரியவே தெரியாது. ஆகவே லாக்கரில் (ஈசியூவின் எண்களைப் பதியும் கருவியில்) தெரியும் இன்டேக் வெப்பநிலையைக் காட்டி "என் இன்டர்கூலர் நன்றாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த எண்ணுக்கும் இன்டர்கூலருக்கும் சம்பந்தமே இல்லை. எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடிக்குச் சற்று முன்னால், முனை திறந்த, வேகமாகப் பதில் தரும் சென்சார் ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். முனை மூடிய சென்சார் சில நொடி பின்தங்கும். முழு பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) ஓடி முடிந்த பிறகுதான் எண் ஏறும்.

கூடவே இரண்டு இடத்தில் பூஸ்ட் அளவு தேவை: ஒன்று டர்போவிலிருந்து காற்று வெளியேறும் வாயில், இன்னொன்று சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்டர்கூலரும் பைப்பும் தின்னும் அழுத்தம்.

பிறகு மூடிய டிராக்கிலோ டைனோவிலோ (பவர் அளக்கும் உருளை மேடை) மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மிலிருந்து 6,500 வரை முழு ஆக்சிலேட்டரில் ஓடுங்கள். அரை நிமிட இடைவெளியில் மூன்று முறை. மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் காற்று வெளி வெப்பநிலையைவிட 25 டிகிரிக்குள் இருந்தால் இன்டர்கூலரை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் மாற்றத்துக்கு நியாயம் உண்டு. அழுத்த இழப்பு 0.15 பாருக்கு மேல் போனால் கோர், அதாவது இன்டர்கூலரின் குளிர்விக்கும் உடல், அந்தக் காற்றோட்டத்துக்குச் சிறியது என்று பொருள். இவை நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லைகள். ஈசியூவின் அமைப்பை மாற்றித் தரும் ட்யூனர் ஒருவர் ஐந்து டிகிரி முன்பின் சொல்லலாம்.

ஏன் இந்த எண்கள்? வெளியே 35 டிகிரி, பூஸ்ட் 1 பார், கம்ப்ரசர் திறன் 70 சதவீதம் என்று வையுங்கள். டர்போவை விட்டு வெளியே வரும் காற்று ஏறத்தாழ 131 டிகிரி. இன்டர்கூலர் 70 சதவீதத் திறனோடு வேலை செய்தால் எஞ்சினுக்குள் போவது 64 டிகிரி. 85 சதவீதம் என்றால் 49. இந்த 15 டிகிரியால் காற்றின் அடர்த்தி நாலரை சதவீதம் கூடும், பவரும் அதே அளவுக்கு நகரும். ஆனால் இஜே257-இல் பவரைவிட முக்கியம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது. அதன் வார்ப்பு பிஸ்டன்களில் ரிங் உட்காரும் விளிம்பு பலவீனமானது; நாலாவது சிலிண்டரில் அது உடைந்து கம்ப்ரஷன் போன எஞ்சின்கள் ஏராளம். சூடான காற்று, மட்டமான பெட்ரோல், கொஞ்சம் லீன் கலவை (பெட்ரோல் குறைந்தது) மூன்றும் ஒன்றுசேர்ந்தால் விளிம்பு போய்விடும். இன்டர்கூலருக்குச் செலவழிப்பது முதலில் இந்த பிஸ்டன்களைக் காப்பாற்றத்தான்.

டாப் மவுண்ட்: நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில்

டர்போ எஞ்சினின் வலப்பக்கம் பின்னால் இருக்கிறது (இந்தக் கட்டுரையில் இடம் வலம் எல்லாம் ஓட்டுநர் பார்வையில்). த்ராட்டில் பாடி நடுவில், பின்பக்கம் பார்த்தபடி. இரண்டுக்கும் இடையில் இன்டர்கூலரை வைத்தால் பைப் என்று ஒன்று கிட்டத்தட்ட தேவையே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் பூஸ்ட் வருவதற்கு இந்தக் குட்டைப் பாதை பெரிய உதவி. லீக் ஆகக்கூடிய மூட்டுகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கெட்டது, அது அடுப்பின்மேல் உட்கார்ந்திருப்பது. வண்டி ஓடும்போது ஸ்கூப் காற்று போதும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாலை நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்தால் கீழிருந்து வரும் சூட்டில் கோர் ஊறிப்போகும். சிக்னல் விழுந்து முதல் முறை மிதிக்கும்போது இன்டர்கூலர் காற்றைச் சூடாக்கவே செய்யும். வண்டி வேகம் எடுத்துச் சில நொடிகளில் மீண்டும் குளிரும். இந்தக் குறை சுபாருவுக்கும் தெரிந்ததுதான். 2004 மாடலாக அமெரிக்காவுக்கு வந்த எஸ்டிஐயில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே கம்பெனியிலிருந்தே வந்தது.

பெரிய டாப் மவுண்ட் வாங்கும்போது கோரின் அளவைப் பார்ப்பவர்கள் அதைச் சுற்றியுள்ள சீலைப் பார்ப்பதில்லை. பானெட்டின் அடியில், காற்றைக் கோருக்குத் திருப்பும் ஸ்பிளிட்டர் கோரின் விளிம்போடு ஒட்டி உட்கார வேண்டும். சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி இருந்தாலே ஸ்கூப்பில் வரும் காற்று கோருக்குள் இறங்காமல் பக்கவாட்டில் நழுவிவிடும். கோரின் நான்கு ஓரத்திலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டைகளாக வைத்து, பானெட்டை மூடித் திறந்து பாருங்கள். நசுங்காத உருண்டை எங்கே இருக்கிறதோ அங்கே இடைவெளி. சூடு தாங்கும், செல் மூடிய ரப்பர் நுரையை அந்த இடத்தில் கோருக்கு மேல் 5 மி.மீ. உயரும்படி ஒட்டுங்கள். இந்த வேலையைச் செய்யாத விலையுயர்ந்த டாப் மவுண்டைவிட, செய்த எஸ்டிஐ இன்டர்கூலர் நன்றாகக் குளிரும்.

டர்போவின் மேல் இருக்கும் தகட்டுக் கவசத்தை எறிந்துவிடாதீர்கள். டர்போவுக்குச் சூடு தடுக்கும் போர்வை போட்டால் இன்னும் நல்லது.

மாற்றும் வேலை சிறியது: சில போல்ட், பைபாஸ் வால்வு (ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்டைத் திறந்துவிடுவது), த்ராட்டில் பக்கமும் டர்போ பக்கமும் கிளாம்ப். பழைய வண்டியில் டர்போ பக்கத்து ஒய் பைப் பிளாஸ்டிக்; விரிசல் விட்டிருக்கிறதா என்று கழற்றிய கையோடு பாருங்கள். பொருத்தும்போது த்ராட்டில் பக்கத்து ஹோஸின் கீழ் உதடு மடங்கி உள்ளே போய்விடுவது அடிக்கடி நடக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் விரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள்.

ஃப்ரன்ட் மவுண்ட்: பைப் போகும் வழிதான் கஷ்டம்

முன்னால் வைத்த கோருக்கு நேரடிக் காற்று, எஞ்சின் சூடு கிடையாது, எடையும் அதிகம். 7 கிலோ அலுமினிய கோரும் 4 கிலோ கோரும் ஒரே சூட்டை விழுங்கினால் பெரியது பாதிக்குச் சற்று மேல்தான் சூடேறும். டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்றாக ஓடினாலும் நிலையாக இருப்பது இதனால்தான். 400 குதிரைத்திறனைத் தாண்டும் வண்டிக்கும், மாதம் தவறாமல் டிராக் போகும் வண்டிக்கும் இதுவே சரி.

இனி பாதை. சூடான பக்கப் பைப் டர்போவின் வாயிலிருந்து வலப்பக்கமாக முன்னே வந்து, ஏர் ஃபில்டர் உட்காரும் ஏர்பாக்ஸ் இருக்கும் இடத்தைக் கடந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் கீழே இறங்கி கோருக்குள் நுழையும். ஏர்பாக்ஸும் இந்தப் பைப்பும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்; பெரும்பாலும் ஏர்பாக்ஸ்தான் தோற்கும். இன்டர்கூலர் முடிவும் இன்டேக் முடிவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது இங்கேதான், கிட் வாங்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

குளிர்ந்த பக்கப் பைப் கோரின் இடது முனையிலிருந்து மேலேறி, பேட்டரி ஓரமாகப் பின்னால் போகும். பேட்டரியைச் சிறியதாக மாற்ற வேண்டிவரும். த்ராட்டில் பாடி பின்பக்கம் பார்த்திருப்பதால் பைப் அதைத் தாண்டிப் போய், திரும்பி, முன்னோக்கி நுழைய வேண்டும். மொத்தத்தில் 180 டிகிரித் திருப்பம். இதைத் தவிர்க்க இன்டேக் மேனிஃபோல்டையே திருப்பிப் போட்டு த்ராட்டிலை முன்பக்கம் பார்க்கவைப்பவர்கள் உண்டு. பைப் மிக அழகாகக் குறையும். ஆனால் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப் பிராக்கெட், எரிபொருள் லைன், ஒயரிங் எல்லாம் இடம் மாற வேண்டும். டர்போவையும் மாற்றும் முழு பில்டுக்கு மட்டும்தான் அந்த வேலை நியாயம்.

பைப்பின் விட்டம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பைப் பெரிய பவர் என்ற நம்பிக்கையில் 76 மி.மீ. பைப்பைத் திணிப்பது தேவையற்றது. 300 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 13.6 கிலோ காற்று வேண்டும். 1 பார் பூஸ்டில், 50 டிகிரியில், 60 மி.மீ. உள்விட்டப் பைப்பில் இது நொடிக்கு 37 மீட்டர் வேகத்தில் ஓடும். இழப்பு கவலைப்படும் அளவுக்கு ஏற, வேகம் நூறு மீட்டரைத் தாண்ட வேண்டும். சூடான பக்கம் 51 மி.மீ. வெளிவிட்டப் பைப்பே நொடிக்கு 73 மீட்டரில் சமாளிக்கும். ஆக சூடான பக்கம் 51 முதல் 57, குளிர்ந்த பக்கம் 63 மி.மீ.; 400 குதிரைத்திறன் வரை இது போதும். விட்டத்தைவிடத் திருப்பங்களை எண்ணுங்கள். மாண்ட்ரல் வளைவு, அதாவது உள்ளே அச்சு வைத்து வளைத்தது, கட்டாயம். அழுத்தி வளைத்த பைப் வளைவில் சப்பையாகி, நீங்கள் காசு கொடுத்த விட்டத்தையே இழந்திருக்கும்.

லேக் (மிதித்த பிறகு பூஸ்ட் தாமதமாக வருவது) பற்றிய பயம் பாதி உண்மை. 63 மி.மீ. பைப் மீட்டருக்கு 2.8 லிட்டர் கொள்ளும். பைப்பும் கோரும் சேர்ந்து டாப் மவுண்டைவிடச் சுமார் 10 லிட்டர் கூடுதல். 2.5 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 62 லிட்டர் இழுக்கிறது. அந்த 10 லிட்டரை 1 பாருக்கு நிரப்ப, காற்று முழுதும் அதற்கே போனாலும், நொடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும். நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு. நெடுஞ்சாலையில் இது தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும் மலைச்சாலையில் நன்றாகவே தெரியும்.

கிட்டின் பெட்டியில் எழுதாத செலவுகளும் இருக்கின்றன. பம்பருக்குப் பின்னால் உள்ள மோதல் பீமை வெட்ட வேண்டும், அல்லது கிட்டோடு வரும் மெல்லிய பீமைப் போட வேண்டும். முன்மோதலில் உயிர் காக்கும் பாகம் அது. பீமை முழுதாக நீக்கச் சொல்லும் கிட்டை வாங்கவே வாங்காதீர்கள். வெட்டச் சொன்னால், வெட்டிய இடத்துக்கு மாற்றுப் பலம் கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ன்கள் இடம் மாறும், பம்பரின் உள்பக்கம் வெட்டுப்படும், சில சமயம் ஃபாக் லைட்டும் போகும். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் வரும் காற்றை கோர் முதலில் சூடாக்கிவிடும். 75 மி.மீ. தடிமனான பார் அண்டு பிளேட் (கனமான தகடுகள் அடுக்கிய) கோர் ரொம்பவே மறைக்கும். டியூப் அண்டு ஃபின் (மெல்லிய குழாயும் துடுப்பும் கொண்டது) இலகு, காற்றைப் பின்னால் விடும், ஆனால் கல் பட்டால் நசுங்கும். வெயில் ஊரில், ஏசியோடு தினமும் ஓட்டும் வண்டிக்கு 65 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கோரின் இரு பக்கமும் தகடு வைத்து ரேடியேட்டர் வரை மூடுங்கள். இல்லாவிட்டால் காற்று எளிதான வழி பார்த்து ஓரமாக ஓடிவிடும்.

தண்ணீரால் குளிரும் மூன்றாவது வழி

இது சுபாருவுக்குப் புதிதல்ல. 1989-இல் வந்த லெகசி ஆர்எஸ்ஸில் காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர்தான் இருந்தது; இம்ப்ரெசா வந்தபோது அதை விட்டுவிட்டார்கள்.

டாப் மவுண்ட் இடத்திலேயே சிறிய கோர், ஒரு மின்பம்ப், தொட்டி, முன்னால் மெல்லிய ரேடியேட்டர். குட்டைப் பாதையும் கிடைக்கும், சிக்னல் சூடும் குறையும். 300 குதிரைத்திறனில் இன்டர்கூலர் 80 டிகிரி இறக்க வேண்டுமென்றால் அகற்ற வேண்டிய வெப்பம் 18 கிலோவாட். பத்து நொடி ஓட்டத்தில் 5 லிட்டர் தண்ணீர் ஒன்பது டிகிரிகூட ஏறாது. நேர்கோட்டில் ஓடும் கால் மைல் பந்தயத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் இருபது நிமிடம் வட்டம் சுற்றினால் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், முன் ரேடியேட்டரால் ஈடுகொடுக்க முடியாது. பம்ப் நின்றாலோ காற்றுக்குமிழ் அடைத்தாலோ எச்சரிக்கையே இல்லாமல் சூடான காற்று எஞ்சினுக்குள் போகும். தண்ணீர் வெப்பநிலைக்கு ஒரு கேஜ் இல்லாமல் இதைப் போடக் கூடாது. சாலை வண்டிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இன்டேக்: எம்ஏஎஃப் குழாயின் விட்டத்தைத் தொடுவதென்றால் ட்யூனும் சேர்த்துத்தான்

எம்ஏஎஃப் சென்சார் குழாய்க்குள் ஓடும் காற்றின் ஒரு சிறு பங்கைத்தான் பார்க்கிறது. மொத்தக் காற்று எவ்வளவு என்று ஈசியூ ஊகிப்பது குழாயின் விட்டம் மாறாது என்ற நம்பிக்கையில். உள்விட்டம் 70 மி.மீ. குழாயை 76 ஆக்கினால் பரப்பு 18 சதவீதம் கூடும், அதே காற்றை ஈசியூ 15 சதவீதம் குறைவாகப் படிக்கும். பெட்ரோலும் அதே அளவு குறையும். மெதுவாக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் திருத்திக்கொள்ளும். முழு பூஸ்டில் அந்தத் திருத்தம் இல்லை, 11.0 ஆக இருக்க வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 13-ஐத் தொடும். மேலே சொன்ன பிஸ்டன் விளிம்பு உடைவது இப்படித்தான். "ட்யூன் தேவையில்லை" என்று விற்கும் இன்டேக் என்றால் குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து ஒரிஜினலோடு ஒப்பிடாமல் போடாதீர்கள்.

ஒரிஜினல் ஏர்பாக்ஸை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஃபெண்டர் பக்கமிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, எம்ஏஎஃப்புக்கு முன்னால் காற்றை நேராக்கித் தருகிறது. அது தடை செய்கிறதா என்று தெரிய, டர்போவுக்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜ் மாட்டி முழு ஆக்சிலேட்டரில் பாருங்கள். 3 கிலோபாஸ்கல் இழப்பு என்றால் டர்போ அதே பூஸ்டுக்குச் சற்றுக் கூடுதலாக உழைத்துக் காற்றை நாலரை டிகிரி அதிகம் சூடாக்கும்; 5 என்றால் எட்டு டிகிரி. மூன்றுக்குள் இருந்தால் புது பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டு விட்டுவிடலாம்.

எஞ்சின் பக்கத்திலேயே ஃபில்டரைத் தொங்கவிடும் ஷார்ட் ராம், சத்தம் தவிர வேறொன்றும் தராது. நெரிசலில் எம்ஏஎஃப்பில் உள்ள வெப்பநிலை சென்சார் சூட்டைப் பார்த்துத் தீப்பொறி டைமிங்கையும் பின்னிழுக்கும். ஃப்ரன்ட் மவுண்டால் ஏர்பாக்ஸ் போய்விட்டது என்றால் ஃபெண்டருக்குள் ஃபில்டர் வைக்கும் வகையைப் பாருங்கள், கூடவே ஃபெண்டர் லைனரைக் கட்டாயம் திரும்ப மாட்டுங்கள். லைனர் இல்லாமல் மழையில் தேங்கிய நீரில் இறங்கினால் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளையும். எண்ணெய் தடவும் பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கூடினால் எம்ஏஎஃப் கம்பியில் படிந்து அளவு மாறும். எம்ஏஎஃப்புக்கென்று விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள். பிரேக் கிளீனர் சென்சாரைக் கெடுக்கும்.

எம்ஏஎஃப் வைக்க நேரான இடமே கிடைக்காத பில்டுகளுக்கு, எம்ஏஎஃப் இல்லாமல் அழுத்தமும் வெப்பநிலையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டி ட்யூன் உண்டு. அதற்கு இன்டர்கூலருக்குப் பின்னால் நல்ல வெப்பநிலை சென்சார் அவசியம்.

கலிபோர்னியாவில் வண்டியைப் பதிவு செய்திருந்தால், வாங்கும் இன்டேக்குக்கு அந்த மாநிலத்தின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பான கார்பின் இஓ (அனுமதி) எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஸ்மாக் (புகை) சோதனையில் தேறாது.

இதையெல்லாம்விட முந்தியது டர்போ இன்லெட் ஹோஸ். எம்ஏஎஃப்பிலிருந்து மேனிஃபோல்டுக்கு அடியில் நுழைந்து டர்போவுக்குப் போகும் குழாய் அது. வயதான வண்டியில் அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து கண்ணுக்குப் படாது. வெடிப்பு வழியாக உள்ளே போகும் காற்றை எம்ஏஎஃப் பார்க்கவில்லை, கலவை லீன். மாற்ற மேனிஃபோல்டைத் தூக்க வேண்டும், புது கேஸ்கெட் போட வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் நெம்பி நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். கிரேங்க்கேஸ் குழாய், பைபாஸ் திரும்பும் குழாய், பூஸ்ட் சொலினாய்டு குழாய் என்று அதில் சேரும் கிளைகளில் ஒன்று கழன்றிருந்தால் அவர்களுக்குத் தெரியாது. கம்பி வலுவூட்டிய சிலிக்கான் ஹோஸ் வாங்குங்கள். வலு இல்லாதது முழு இழுப்பில் உள்வாங்கிச் சப்பையாகும்.

பொருத்துவதும் சோதிப்பதும்

பைப் முனையில் பீட், அதாவது சுற்றிலும் உயர்ந்த வரம்பு, இல்லையென்றால் எந்தக் கிளாம்ப்பும் பிடிக்காது. இரண்டு பைப் முனைகளுக்கு இடையே 10 முதல் 20 மி.மீ. போதும், அதற்கு மேல் விட்டால் பூஸ்டில் சிலிக்கான் ஊதி நிற்கும். பூஸ்ட் பக்கம் டி போல்ட் கிளாம்ப் போடுங்கள், பீட்டுக்குப் பின்னால் உட்காரும்படி. துளை வெட்டிய சாதாரண ஹோஸ் கிளாம்ப் சிலிக்கானை அறுத்துவிடும். மாட்டுவதற்கு முன் பைப்பையும் ஹோஸின் உள்பக்கத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வழுக்கலுக்காக எண்ணெய் தடவினால் முதல் பெரிய பூஸ்டிலேயே பைப் கழன்று பறக்கும். டர்போ வாயில் எண்ணெய்ப் புகை படியும் என்பதால் அந்த ஒரு கப்ளர் (பைப்புகளை இணைக்கும் ஹோஸ்) மட்டும் ஃப்ளோரோ சிலிக்கான் உள்பூச்சு உள்ளதாக இருக்கட்டும்.

எஞ்சின் மவுண்டின்மேல் ஆடும், பாடி ஆடாது. எஞ்சினோடு சேர்ந்த பைப்பும் பாடியோடு சேர்ந்த பைப்பும் சந்திக்கும் இடத்தில் நடுவில் புடைத்த ஹம்ப் கப்ளர் போடுங்கள். பெல்ட்டிலிருந்து 25 மி.மீ., மற்ற இடங்களில் 15 மி.மீ. விலகல். தகட்டில் துளையிட்டுப் பைப் போகும் இடத்தில் ஓரத்துக்கு ரப்பர் பட்டை.

பைபாஸ் வால்வு காற்றைத் திரும்ப இன்லெட்டுக்கு விடுவதாகவே இருக்கட்டும். வெளியே விட்டால் எம்ஏஎஃப் எண்ணிவிட்ட காற்று காணாமல்போகும். கியர் மாற்றும்போது ரிச் (பெட்ரோல் கூடியது) ஆகிக் கரும்புகை, ஐடிலில் நின்றுபோதல். ஃப்ரன்ட் மவுண்டில் அதன் இடம் குளிர்ந்த பைப்பில், த்ராட்டிலுக்குப் பக்கத்தில்.

கழற்றும்போது பூஸ்ட் சொலினாய்டு குழாய்க்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். நடுவில் நுண் துளை உள்ள அது இல்லாவிட்டால் பூஸ்டை அளவோடு வைக்கும் வேஸ்ட்கேட் வால்வுக்கு அழுத்தம் அதிகம் போய் பூஸ்ட் ஏறாது. மாறாக வேஸ்ட்கேட் குழாயையே மாட்ட மறந்தால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும்.

எல்லாம் மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், இன்லெட்டின் எம்ஏஎஃப் பக்க வாயில் மூடி போட்டு கம்ப்ரசர் காற்று கொடுங்கள். கிரேங்க்கேஸ் குழாய்களை முதலில் அடைத்துவிடுங்கள், இல்லையேல் ஆயில் சீல்களுக்கு அழுத்தம் போகும். முதலில் 0.3 பார், சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், பிறகு 0.7, பிறகு 1. மூடிக்கு நேராக நிற்க வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கம் லேசான சீறல் வந்தால் திறந்திருக்கும் வால்வு வழியாகப் போவது, அது பரவாயில்லை. பூஸ்டில் ரிச்சாகவும் ஐடிலில் லீனாகவும் காட்டும் வண்டியில் லீக் டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. எப்போதும் லீன் என்றால் டர்போவுக்கு முன்னால் தேடுங்கள்.

ட்யூன் ஆன பிறகும் லாகைப் பாருங்கள்: ஈசியூ தன் டைமிங்கை எவ்வளவு நம்புகிறது என்று காட்டும் டிஏஎம் எண் 1.0-இலேயே நிற்க வேண்டும், பழைய 16 பிட் ஈசியூவில் ஐஏஎம் 16. அதற்குக் கீழே இறங்கினால் ஈசியூ நாக்கிங்கைக் கேட்டிருக்கிறது. பூஸ்டைக் குறைத்து ஓட்டி, காரணம் தெரிந்த பிறகு மேலே போங்கள்.

ஒவ்வொரு கப்ளரிலும் பைப்பையும் சிலிக்கானையும் சேர்த்து வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் சூடேறி ஆறி சிலிக்கான் அமுங்கும். கிளாம்ப்புகளை ஒருமுறை திரும்ப முறுக்குங்கள். கோடு விலகியிருந்தால் அந்த மூட்டில் பீட் சரியில்லை அல்லது பைப் இழுபட்டு நிற்கிறது. வெறுமனே முறுக்கிவிடாமல் கழற்றிப் பாருங்கள்.